மங்கலான நாற்பத்தொரு படங்கள்

ஜூலை 7, செவ்வாய்

தினமும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் கண் டாக்டர். ஒரு வரி போதுமாம். என்னிடம் போய் ஒரு வரி போதும் என்கிறார்.

ஃப்ரிட்ஜ் கதவில் கட்டத்தாள் ஒட்டியிருக்கிறது. சின்னச் சின்ன சதுரங்கள், நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. காலையில் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மறு கண்ணால் அந்தப் புள்ளியைப் பார்க்க வேண்டும். கோடுகள் நேராக இருந்தால் நல்லது. இடது கண்ணுக்குப் புள்ளி தெரிந்து இரண்டு வருடம் ஆகிறது. அந்த இடத்தில் ஒரு சாம்பல் திட்டு, அவ்வளவுதான். அது பழைய கதை, லேபில் எல்லோருக்கும் தெரியும். "மைக்ரோஸ்கோப்புக்கு ஒரு கண்ணு போதும்மா" என்று எங்கள் லேபின் பெரிய டாக்டர் அப்போதே சொல்லிவிட்டார். வலது கண்ணை வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

இன்று வலது கண்ணில், புள்ளிக்குக் கொஞ்சம் கீழே, இரண்டு கோடுகள் தொய்ந்திருந்தன. ஈரத்துணி போட்ட கொடி மாதிரி. தாளைச் சரியாக ஒட்டவில்லையோ என்று கழற்றி மறுபடி ஒட்டிப் பார்த்தேன். தொய்வுதான்.

இன்றுதான் முதல் தடவை என்று எழுதினால் அது பச்சைப் பொய். மே மாதம் மைக்ரோஸ்கோப் பல்பை மாற்றச் சொன்னேன். ஜூனில் மறுபடி மாற்றச் சொன்னேன். பல்பு என்ன பாவம் செய்தது?

பல் தேய்த்துக்கொண்டே வீட்டுக்காரர் கேட்டார்: "கட்டம் என்ன சொல்லுது?"

"அதேதான்."

காய்ச்சல் சீசன். இன்று மட்டும் முப்பத்தாறு ஸ்லைடு.

ஜூலை 8, புதன்

கட்டம்: தொய்வு. மழை.

ஜூலை 10, வெள்ளி

அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கண் டாக்டரிடம் போனேன். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, ஒரு மணி நேரம் உட்கார வைத்து, வெளிச்சம் அடித்துப் பார்த்தார். "இதுலயும் ஆரம்பிச்சிருக்கு" என்றார். மாதம் ஒரு ஊசி. நின்றாலும் நிற்கலாம், நிற்காமலும் போகலாம்.

"நான் மலேரியா ஸ்லைடு படிக்கிறவ, டாக்டர்."

"தெரியும். எப்ப நிறுத்தணும்னு உங்களுக்கே தெரியும். தெரியும்போது நிறுத்திடணும்."

தலையாட்டினேன். நல்ல பிள்ளை மாதிரி.

வீட்டுக்கு வந்து துணி துவைத்தேன். மெஷினின் கண்ணாடிக் கதவு வழியாகத் துணி சுற்றுவதைக் கடைசி வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பயம் வரவேண்டும் இல்லையா? வந்தால் ஏற்றுக்கொள்ளலாம் என்று ஒரு இடம்கூட ஒதுக்கி வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. மெஷின் நின்றதும் துணியை எடுத்து உலர்த்தினேன்.

அவரிடம், "பரவால்லியாம்" என்றேன். அவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க மேலும் கீழுமாகப் போய்விட்டு வரும் மனிதர். "பரவால்லன்னா பரவால்ல" என்று சொல்லிவிட்டுக் கால் நீட்டித் தூங்கிப்போனார்.

ஜூலை 13, திங்கள்

ஸ்லைடு 38. திங்கட்கிழமை என்றால் சனி, ஞாயிறு காய்ச்சலும் சேர்ந்து வரும்.

ஒன்றின்மேல் நான்கு நிமிடம் உட்கார்ந்தேன். சிவப்பணுவுக்குள் கல் வைத்த மோதிரம் மாதிரி ஒன்று இருக்கும், அதுதான் கிருமி. நேராகப் பார்த்தால் அந்த இடத்தில் ஒரு அழுக்கு. கண்ணைக் கொஞ்சம் ஓரமாகத் திருப்பினால் என்னவோ இருப்பது போல இருக்கிறது. திரும்ப நேராகப் பார்த்தால் போய்விடுகிறது. சாயம் சரியாகப் பிடிக்கவில்லை என்று முடிவு செய்து, "காணப்படவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மாலை பக்கத்து மேஜைக்காரி ஸ்லைடு பெட்டிகளை எடுத்துக்கொண்டு போனாள். "நீங்க கெளம்புங்கக்கா, நான் அடுக்கி வச்சிட்டு வரேன்." பதினோரு வருடமாக அவளுக்குப் பெயர் அதுதான். பக்கத்து மேஜையில் உட்கார்ந்து பெயரையே தொலைத்தவள். கொஞ்ச நாளாக ரொம்பச் சுத்தக்காரி ஆகிவிட்டாள்.

ஜூலை 16, வியாழன்

ஞாயிற்றுக்கிழமை மழைநடை. டீச்சர் போன் செய்தார். காலை ஐந்தரைக்குக் கார் வந்துவிடுமாம், ரெயின்கோட் கட்டாயமாம், போன வருடம் மாதிரி யாரும் செருப்போடு வரக் கூடாதாம். செருப்போடு வந்தது டீச்சர்தான்.

ஒன்பது வருடமாக மழைக்காலத்தில் மாதம் ஒரு ஞாயிறு நாங்கள் நான்கு பேரும் போகிறோம். டீச்சர் கணக்கு நடத்துகிறவர். எடுக்கிற படங்களும் அப்படித்தான், எல்லாம் அளவெடுத்த மாதிரி இருக்கும். பக்கத்து மேஜைக்காரி பறவைகளை எடுப்பாள். நான் பூச்சி, தவளை, காளான், எதுவானாலும் கட்டைவிரல் நகத்துக்குள் அடங்க வேண்டும். நான்காவது ஆள் குடை சார், ரிட்டயர்டு சர்வேயர். கேமராவே கிடையாது. ஒரு பெரிய கறுப்புக் குடையை எங்கள் கேமராக்களுக்குப் பிடித்துக்கொண்டு தான் நனைந்தபடி வருவார்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. நடந்து முடித்ததும் மெமரி கார்டை எடுத்து இடது பக்கம் இருப்பவர் கையில் கொடுத்துவிட வேண்டும். அவர் பார்த்து ஒரே ஒரு படத்தைத் தேர்ந்தெடுப்பார். அந்த மாதத்துக்கு நம் படம் அதுதான். எடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது. எல்லோரும் அவரவர் படத்தின் மேல் காதலாகி நின்றதைப் பார்த்து டீச்சர் போட்ட சட்டம். என் கார்டு டீச்சருக்கு, டீச்சருடையது பக்கத்து மேஜைக்காரிக்கு, அவளுடையது குடை சாருக்கு. குடை சாரிடம் கார்டு இல்லாததால் எனக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் வரும்.

லென்ஸைத் துடைத்து வைத்தேன். போக வேண்டும் என்று இல்லை. போகாமல் இருக்க வேண்டும் என்றும் இல்லை.

ஜூலை 18, சனி

கட்டம்: மூன்று கோடுகள்.

"அதேதான்" என்றேன்.

ஜூலை 19, ஞாயிறு

மழைநடை. விரிவாக எழுத வேண்டும். கை ஓடவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

நீர்த்தேக்கத்துக்குப் பின்னால் இருக்கும் ஒற்றையடிப் பாதை. ஆறு மணிக்கே இறங்கிவிட்டோம். தூறல்தான். ஆனால் மரங்களுக்கு அடியில் போனால் நேற்றைய மழை பெய்துகொண்டிருந்தது. அட்டை ஏறாமல் இருக்க டீச்சர் எல்லோருடைய சாக்ஸிலும் உப்பைத் தூவினார். குடை சார், "என்னை ஊறுகா போடுறீங்களா டீச்சர்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்க வேண்டிய இடம் எனக்குத் தெரிகிறது. அது இன்னும் மறக்கவில்லை.

மணலில் பட்டுப்பூச்சிகள் வந்திருந்தன. சிவப்பு வெல்வெட் பொத்தான்கள் தானாக நடப்பது போல. மட்கிய மரத்துண்டில் வரிசையாகக் காளான்கள். ஒரு மரவட்டை என் ஷூவின் மேல் ஏறி, இது வழியில்லை என்று தீர்மானித்து, திரும்பிப் போனது. வலது கண்ணின் ஓரத்தில் எல்லாமே அழகாகத் தெரிந்தன. நேராகப் பார்க்கிற இடம் மட்டும்தான் தகராறு.

ஓடைக்குப் பக்கத்தில் பக்கத்து மேஜைக்காரி கையைக் காட்டினாள். "அக்கா, உங்காளு." ஒரு தண்டில் குட்டித் தவளை, பச்சைப் பட்டாணி அளவு. பிளாஸ்டிக் தாளை விரித்து முட்டி போட்டேன். குடை சார் பின்னால் வந்து குடையைப் பிடித்தார்.

நான் ஆட்டோ ஃபோகஸ் போடாதவள். கையால் வளையத்தைத் திருப்பித் தவளையின் கண்ணில் கொண்டுபோய் நிறுத்துவேன். ஒன்பது வருடமாக மற்றவர்களை அதற்காகக் கிண்டல் செய்திருக்கிறேன். "மெஷின் எடுத்த படத்துக்கு உங்க பேரு எதுக்கு?" என்று டீச்சரையே கேட்டிருக்கிறேன். வளையத்தைத் திருப்பினேன். தவளையின் கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு அழுக்கு. கண்ணை ஓரமாகத் திருப்பினேன், தவளை வந்தது. நேராகப் பார்த்தேன், போனது. கொஞ்சம் முன்னால், கொஞ்சம் பின்னால் என்று திருப்பி, சரி, இந்த இடமாகத்தான் இருக்கும் என்று ஒரு இடத்தில் அமுக்கினேன்.

அமுக்கின உடனே தெரிந்துவிட்டது. திங்கட்கிழமை அந்த ஸ்லைடை நான் முடித்ததும் இப்படித்தான். இந்த இடமாகத்தான் இருக்கும்.

"கெடச்சுதா?" என்று கேட்டார் குடை சார்.

"கெடச்சுது சார்."

அப்புறமும் எடுத்துக்கொண்டே போனேன். நத்தை, எறும்பு, தட்டான். மொத்தம் நாற்பத்தொரு படம்.

திரும்பும்போது மழை வலுத்தது. பஸ் நிழற்குடைக்குள் ஒதுங்கினோம். டீச்சர் லேப்டாப்பைத் திறந்தார். கார்டுகள் இடது பக்கம் நகர்ந்தன. எனக்கு பிஸ்கட் வந்தது.

டீச்சர் என் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி நகர்த்தினார். பத்தாவது படத்தில் கை நின்றது. "என்னம்மா இது? தவளை கலங்கலா இருக்கு, பின்னாடி இருக்கற இலைல நரம்பு எண்ணலாம் போல இருக்கு. அடுத்ததும் அப்படியே. எல்லாமே அப்படியே!"

நான் வாய் திறப்பதற்குள் பக்கத்து மேஜைக்காரி முந்திக்கொண்டாள். "லென்ஸுக்குள்ள ஈரம் ஏறிடுச்சு டீச்சர். போன வாரமே அக்கா சொன்னாங்க."

போன வாரம் நான் லென்ஸைப் பற்றி வாயே திறக்கவில்லை.

டீச்சருக்கு அது போதுமாக இருந்தது. நாற்பத்தொன்றையும் பார்த்து முடித்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். "தவளைய மறந்துடுங்க. இது நல்ல இலைப் படம்." சட்டப்படி நான் பேசக் கூடாது. பேசவில்லை.

லென்ஸில் ஈரம் ஏறினால் படம் முழுக்கப் புகை படிந்த மாதிரி இருக்கும். பின்னால் இலை நரம்பு தெரியாது. கண்ணாடியும் லென்ஸுமாகப் பதினோரு வருடம் உட்கார்ந்திருப்பவளுக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்து சொன்னாள். ஏன்?

ஜூலை 20, திங்கள்

ஸ்லைடு 41. அதே எண். சிரிப்பு வர வேண்டியது.

அவளிடம் கேட்கவில்லை. அவளும் என் முகத்தைப் பார்க்கவில்லை. மாலையில் பெட்டிகளை எடுத்துக்கொண்டு போனாள். அடுக்கி வைக்க.

ஜூலை 21, செவ்வாய்

ஆறு மணிக்குக் கிளம்புவது போல வெளியே போய்விட்டு, குடையை மறந்தவள் மாதிரி திரும்பி வந்தேன். என் மைக்ரோஸ்கோப்பில் அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நான் இன்று படித்த ஸ்லைடுகள். எண்ணெய்ச் சொட்டு வைத்து, ஒவ்வொன்றாக.

என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. கையில் இருந்ததைப் பார்த்து முடித்துவிட்டுத்தான் திரும்பினாள்.

"எப்பலேருந்து?"

"மே கடைசியிலேருந்துக்கா."

"எத்தன?"

"எல்லாந்தான்."

"அதக் கேக்கல. தப்பு எத்தன?"

தொட்டிக் குழாயைத் திறந்தாள், மூடினாள். "மூணு. ரிப்போர்ட் போறதுக்கு முன்னாடியே மாத்திட்டேன். யாருக்கும் ஒண்ணும் ஆகல."

என் கையெழுத்துக்கு மேலே இருந்ததை மூன்று தடவை மாற்றியிருக்கிறாள். எனக்குச் சோறு ஊட்டுற மாதிரி. என்னக் கேக்கவே இல்ல. நான் என்ன செத்தா போயிட்டேன்? கத்தினேன். அந்தக் கத்தலில்கூட நான் இல்லை, வேறு யாரோ கத்துவதைப் பக்கத்து அறையிலிருந்து கேட்பது மாதிரி இருந்தது.

"என்னக் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா நிறுத்திருப்பீங்களா? பல்ப மாத்தச் சொல்லிருப்பீங்க."



பிறகு அவளே குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "ரெண்டு நாளு மட்டும் பாக்கலக்கா. ஜூலை ரெண்டு, மூணு. நான் பல்லு புடுங்க லீவு போட்டேனே. திரும்பி வந்தப்ப ரிப்போர்ட்டெல்லாம் போயிடுச்சு. முப்பத்திநாலு ஸ்லைடு."

"வந்து பாத்திருக்கலாமே."

"பாத்து, ஏதாவது இருந்தா சொல்லணும். சொன்னா உங்களுக்கு வேல போயிடும். அதான் பாக்கல." அழுதுவிட்டாள். "பாக்கணும்னு தெனமும் நெனைக்கிறேன். கை போகல."

நான் அழவில்லை. குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வழியில் மழை இல்லை, ஆனாலும் குடையை விரித்தே வந்திருக்கிறேன். தெருமுனை மருந்துக்கடைக்காரர் சொன்ன பிறகுதான் மடக்கினேன்.

ஜூலை 22, புதன்

பெட்டி மேல் தட்டில் இருக்கிறது. ஜூலை 2–3 என்று என் கையெழுத்து. மூன்று தடவை நிமிர்ந்து பார்த்தேன். ஒரு தடவையும் தொடவில்லை.

இன்று ஸ்லைடு எதுவும் படிக்கவில்லை. தலைவலி என்று சொல்லி எல்லாவற்றையும் அவளிடம் தள்ளிவிட்டேன். 

ஜூலை 23, வியாழன்

அவரிடம் சொல்லிவிட்டேன். வலது கண், ஊசி, மூன்று தப்பு, முப்பத்துநான்கு ஸ்லைடு, எல்லாம். கையில் சட்டைப் பொத்தானும் ஊசியுமாக இருந்தார். அதைக் கீழே வைக்கவில்லை.

"தெனமும் அதேதான், அதேதான்னு சொன்னியே?"

"சொன்னேன்."

நூலைப் பல்லால் கடித்தார்.   பிறகு சொன்னார்: "கேபிள்ல ஒரு எழ அறுந்திருந்தாலும் நான் லிஃப்ட நிறுத்திட்டு போர்ட மாட்டிடுவேன். அஞ்சு மாடி ஏறிப் போறவன் என் பாட்டன் முப்பாட்டன் வரைக்கும் திட்டுவான். திட்டிட்டுப் போகட்டும். ஆனா நான் வர்றதுக்கு முன்னாடி அதுல ஏறிப் போனவன் யாருன்னு பாக்கணும்ல?"

"வேல போயிடும்."

"போகட்டும். அந்த முப்பத்துநாலு பேர்ல நான் ஒருத்தனா இருந்தா நீ என்ன பண்ணுவ?"

நாளைக்குச் சொல்கிறேன். எழுதிவிட்டேன். எழுதினால் செய்துவிடுவேன்.

ஜூலை 24, வெள்ளி

ஒன்பது மணிக்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு பெரிய டாக்டர் அறைக்குப் போனேன். ஸ்டூல் மேல் ஏறி நானே எடுத்தேன். பக்கத்து மேஜைக்காரியும் கூட வந்தாள். வர வேண்டாம் என்றேன், வந்தாள்.

சொன்னேன். பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். "உக்காருங்க" என்று மட்டும் சொன்னார்.

டாக்டரே முதலில் படித்தார். பிறகு அவள் படித்தாள். ஒவ்வொன்றுக்கும் டாக்டர் "இல்ல" என்பார், அவள் "இல்ல" என்பாள், நான் பதிவேட்டில் டிக் போட வேண்டும். எனக்குக் கொடுத்த வேலை அது. இல்ல, இல்ல. இல்ல, இல்ல. பத்து மணிக்குள் பதினோரு ஸ்லைடு முடிந்தது. ஜன்னலுக்கு வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிளம்பவே இல்லை.

இருபத்தேழாவது ஸ்லைடில் டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்லைடு வைத்த மேடையை நகர்த்தினார். மறுபடி நகர்த்தினார். எழுந்து அவளுக்கு இடம் விட்டார். அவள் குனிந்த அடுத்த நொடியே நிமிர்ந்தாள்.

"இருக்கு."

ஒன்றிரண்டு இல்லை. அங்கங்கே, பார்க்கிற எல்லா இடத்திலும் இருந்ததாம். ஜூலை மூன்றாம் தேதி ஸ்லைடு. ஆண், நாற்பத்தொன்பது வயது, தொழில் தச்சு வேலை. நான் எழுதியது "காணப்படவில்லை". மீதி ஏழும் சுத்தம்.

டாக்டர் ஸ்பீக்கரில் போட்டுப் போன் செய்தார். மனைவி எடுத்தார். "அவரு வேற ஆஸ்பத்திரியில இருக்காரு சார். பன்னெண்டு நாளாச்சு. கிட்னி நின்னுபோச்சுன்னு மெஷின்ல போட்டிருக்காங்க." பின்னால் பாத்திரம் விழுகிற சத்தம். "உங்க பேப்பர்ல ஒண்ணுமில்லன்னு போட்டிருந்துச்சேன்னு மாத்திரையப் போட்டுட்டு வேலைக்குப் போனாரு சார். ஒம்போது நாளு அப்படியே போனாரு."

டாக்டர் மன்னிப்புக் கேட்டார். தப்பு எங்களுடையது என்று சொன்னார். அந்த ஆஸ்பத்திரி டாக்டரோடும் பேசினார். மலேரியா என்று அங்கே ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டார்கள். நான் போய்ச் சொல்ல ஒன்றுமே மிச்சமில்லை.

மைக்ரோஸ்கோப்பில் இனி நான் உட்காரக் கூடாது. மற்றதைத் திங்கட்கிழமை முடிவு செய்வார்கள். மறைத்ததற்காக அவளுக்கு மெமோ. வெளியே வந்ததும் அவள் என்னிடம் பேசாமல் போய்விட்டாள்.

ஜூலை 25, சனி

கட்டம் பார்க்கவில்லை.

ஜூலை 26, ஞாயிறு

அவர் என்னைச் சாப்பிட வைத்தார். தூங்க வைத்தார். எழுப்பினார். நான் ஒரு பொட்டலம் மாதிரி கை மாறிக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 28, செவ்வாய்

வேலை போகவில்லை. ரத்தம் எடுக்கிற கவுன்டருக்கு மாற்றிவிட்டார்கள். நரம்பைக் கண் தேடுவதில்லை, விரல்தான் தேடும். பெரிய டாக்டர் பக்கத்தில் நின்று பன்னிரண்டு பேருக்கு நான் எடுத்ததைப் பார்த்தார். எல்லாம் முதல் குத்தில் வந்தது. ட்யூபில் நம்பர் ஒட்டுவதும், சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவதும் வேறு ஆள்.

முன்பெல்லாம் கவுன்டரைத் தாண்டித்தான் என் அறைக்குப் போவேன். இவ்வளவு பேர் வருகிறார்கள் என்று தெரியாது. எனக்கு வருவது கண்ணாடித் துண்டுதானே.

ஜூலை 31, வெள்ளி

தச்சர் மெஷினிலிருந்து இறங்கிவிட்டாராம். டாக்டர் வராந்தாவில் நின்று சொல்லிவிட்டுப் போனார்.

சந்தோஷம் என்று எழுதலாம். எழுதிப் பார்த்தேன். பொருந்தவில்லை.

ஆகஸ்ட் 5, புதன்

முதல் ஊசி. கண்ணுக்குள் ஊசி என்றதும் அவர்தான் ஆடிப்போனார். நான் கூரையில் இருந்த விளக்கை எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன். நான்கு விளக்கு. ஒன்று எரியவில்லை.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

தச்சர் வீட்டுக்குப் போய்விட்டார். அவள் இன்னும் பேசவில்லை. மதியம் எதிரெதிரே சாப்பிடுகிறோம், டப்பாவைப் பார்த்துக்கொண்டு.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

மழைநடை. வரவில்லை என்றுதான் சொன்னேன். டீச்சர் கேட்கவில்லை. வாசலில் நின்று ஹாரன் அடித்தார், தெருவே எட்டிப் பார்த்தது. ஏறிவிட்டேன். பக்கத்து மேஜைக்காரி முன் சீட்டில் இருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை.

காரிலேயே டீச்சருக்கும் குடை சாருக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். நான்கைந்து வாக்கியம்தான் ஆனது. டீச்சர் பாதையைப் பார்த்தபடி ஓட்டினார். "அந்த இலைப் படத்த ஃபிரேம் போட்டு வச்சிருக்கேன்" என்றார் கடைசியில். "எடுத்துடட்டுமா?"

"இருக்கட்டும் டீச்சர்."

இறங்கியதும் குடை சார் என் கழுத்திலிருந்து கேமராவைக் கழற்றினார். குடையை என் கையில் கொடுத்தார். "ஒம்போது வருஷமா புடிச்சிட்டேன். தோள் வலி. இன்னிக்கு நீங்க புடிங்க."

அவ்வளவு பெரிய குடையை மழைக்காற்றில் மற்றவருக்காகப் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று இன்றுதான் தெரிந்தது. படம் எடுக்கிறவர் கொஞ்சம் நகர்ந்தால் நாமும் நகர வேண்டும். நம் முதுகில் தண்ணீர் ஓடும். சார் கேமராவைக் குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, ஒன்பது படம் எடுத்தார். நான் பிடித்துக்கொண்டே நின்றேன். என் காது மடலிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

ஓடைக்கரையில் யாரோ என் ரெயின்கோட் காலரைப் பின்னாலிருந்து இழுத்தார்கள்.

"அட்டை" என்றாள் பக்கத்து மேஜைக்காரி. மூன்று வாரத்தில் முதல் வார்த்தை. கழுத்திலிருந்து பிடுங்கி எறிந்தாள். கைக்குட்டையை மடித்து அந்த இடத்தில் அழுத்திப் பிடித்தாள். ரத்தம் நிற்க நேரமாகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவள் கையை எடுக்கவில்லை, நான் நகரவில்லை.

"ஒனக்கு மெமோ வாங்கிக் குடுத்துட்டேன்" என்றேன்.

"நான் பாக்காம விட்டதுக்குத்தான் மெமோ. உங்களுக்காக இல்ல." பிறகு, "உங்களச் சொல்ல விடாம பண்ணினது நான்தான். அது வேற" என்றாள்.

கார்டு மாற்றும் நேரம் வந்தது. ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக என் கைக்கு பிஸ்கட் வராமல் கார்டு வந்தது. லேப்டாப்பை மூக்கோடு ஒட்டி, முகத்தைச் சாய்த்து, ஓரக் கண்ணால் பார்த்தேன். ஒன்பதில் ஏழு அவருடைய சொந்தக் கால். தேர்ந்தெடுக்க இருந்ததே இரண்டு. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான், சிரிக்க வேண்டிய இடமா என்று பார்க்காமலே சிரித்தது தெரிந்தது.

ஆகஸ்ட் 29, சனி

கட்டம்: மூன்று கோடுகள். அதிகமாகவில்லை. அவரிடம் "மூணு" என்றே சொன்னேன்.

செப்டம்பர் 7, திங்கள்

டோக்கன் நாற்பத்தைந்து. ஒரு ஆளும் அவர் மனைவியும் வந்தார்கள். கிட்னி டெஸ்ட், மாதாந்திரப் பரிசோதனை. ஆள் மெலிந்திருந்தார், சட்டை தோளில் நிற்கவில்லை. கையை நீட்டினார். பிடித்தபோது உள்ளங்கை மட்டும் பலகை மாதிரி இருந்தது. காய்ப்பு. முழங்கைக்கு மேல் ரப்பர் கட்டினேன். விரலால் தேடினேன். நரம்புகளெல்லாம் ஊசி குத்திக் குத்தித் தடித்துப் போயிருந்தன.

"மொதல்ல இங்கதான் வந்தோம்" என்றார், பேச்சுக்காக. "ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்க."

விரல் நரம்பின் மேல் இருந்தது. ஊசி மறு கையில் இருந்தது. சொல்லாமல் குத்தி எடுத்திருக்கலாம். நல்ல நரம்பு கிடைத்திருந்தது, ஒரு நிமிட வேலை.

ஊசியைத் தட்டில் வைத்தேன். "அப்படிச் சொன்னது நான்தாங்க. என் கண்ணு சரியில்ல. எனக்கே தெரிஞ்சும் படிச்சேன்."

அவர் என்னைப் பார்த்தார். என்னால் அவர் முகத்தை நேராகப் பார்க்க முடியாது, நடுவில் கலங்கிவிடும். கொஞ்சம் ஓரமாகப் பார்த்தேன். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதாக அவர் நினைத்திருப்பார்.

மனைவிதான் பேசினார். சத்தம் போடவில்லை. "நீங்க எடுக்க வேணாம். வேற யாரையாவது கூப்பிடுங்க."

"சரிங்க" என்றேன். ரப்பரை அவிழ்த்தேன். உள்ளே குரல் கொடுத்ததும் பக்கத்து மேஜைக்காரி வந்தாள், ஏன் என்று கேட்கவில்லை, கையுறையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் எழுந்து ஓரமாக நின்றேன். நல்ல நரம்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று அவளுக்கு விரலால் காட்டினேன். அதை அந்த அம்மா தடுக்கவில்லை. அங்கேதான் எடுத்தாள், முதல் குத்தில் வந்தது.

போகும்போது மனைவி முன்னால் நடந்தார். அவர் பஞ்சை அழுத்தியபடி கவுன்டர் முனையில் நின்றார்.

"அடுத்த மாசமும் வரச் சொல்லிருக்காங்க. நீங்க இங்கதான் இருப்பீங்களா?"

"இங்கதான் இருப்பேன்."

சரி என்றாரா, ம் என்றாரா, தெரியவில்லை. போய்விட்டார்.

பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அடக்க முடியவில்லை. நெஞ்சு வலிக்க வலிக்க, ஒரு கையால் குழாயைத் திறந்துவிட்டு, சத்தமாக. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து டோக்கன் நாற்பத்தாறைக் கூப்பிட்டேன்.